மூன்றெழுத்துச் சொல்லும் நான் கட்டிய ஏற்றமும்

இடிக்கப்போன தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீடுகளின் பலகைகளைக் கேட்டு வாங்கிவந்து என் முதல் மாட்டுக் கொட்டகையை நானே கட்டினேன். ஆள் வைக்கவில்லை. தரை கொஞ்சம் சாய்வாக அமைந்துவிட்டது, அதனால் என்ன, மாடுகள் பால் கொடுத்தன. பிறகு கோல சிலாங்கூருக்கும் பெஸ்தாரி ஜெயாவுக்கும் நடுவில், வேண்டாம் என்று எல்லோரும் விட்டுப்போன ஒரு சேற்று நிலத்தில் மண்ணடித்துத் தீவன ஸ்டோர் கட்டினேன். அங்கே தவளைதான் குடியிருக்கும் என்றார்கள். தவளைகளும் இருந்தன, நானும் இருந்தேன். ஸ்டோருக்குப் போகும் வழியில் கால்வாய்க்கு மேல் பாலம் போட்டேன். லோரி ஏறினால் உட்கார்ந்துவிடும் என்று சொன்னவர் இன்றைக்கு அதே பாலத்தின் மேல் தன் லோரியைக் கொண்டுவந்து என்னிடம் தீவனம் ஏற்றிக்கொண்டு போகிறார். ஆற்று வெள்ளம் ஒரு முறை உள்ளே வந்து தவிட்டு மூட்டைகளை எல்லாம் கஞ்சியாக்கிவிட்டுப் போனது. மறு வருடமே தரையை இடுப்பளவு உயர்த்தினேன். உயர்த்திய தரைக்கு மூட்டை ஏற வேண்டுமே. அதற்காகச் சிமெண்டு கலந்து வாசலில் சாய்வுப் பாதையாக ஓர் ஏற்றம் கட்டினேன். எத்தனை சாய்வு வேண்டும் என்று எந்த எஞ்சினியரையும் கேட்கவில்லை. ஒரு தள்ளுவண்டியில் மூட்டையை வைத்துத் தள்ளிப் பார்த்தேன். மூச்சு வாங்கினாலும் தள்ள முடிந்தது. அதுதான் கணக்கு.

இந்த ஏற்றத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை என் பெருமைக்காகச் சொன்னவை. இது கதைக்கு வேண்டும்.

நான் படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில், அதுவும் பாதியில் நின்றது. மலாய் எழுத்தைச் சாலையோரத்துப் பலகைகளைப் பார்த்துக் கூட்டிக் கூட்டிக் கற்றுக்கொண்டேன். இங்கிலீஷ் கற்கவில்லை. அது இல்லாமலே இவ்வளவும் கட்டினேன் என்பதை மேலே பார்த்திருப்பீர்கள்.

இப்போது ஸ்டோரை நடத்துவது என் மகன். செகிஞ்சான் அரிசி ஆலைகளிலிருந்து தவிடு வரும், எண்ணெய் ஆலையிலிருந்து செம்பனைப் புண்ணாக்கு வரும். பத்தாங் காலி, கலும்பாங் வரைக்கும் மாடு, ஆடு வளர்ப்பவர்கள் எங்களிடம்தான் வாங்குகிறார்கள். முன்பு மூட்டைகளைத் தூக்கி அடுக்க ஒரு டீசல் ஃபோர்க்லிப்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். அந்த வண்டி தன் ஓட்டுநரோடுதான் வரும். அது கக்குகிற புகையில் தவிடு வாங்க வந்தவர்கள்கூட வெளியே நின்றுதான் பேசுவார்கள். சென்ற வருடம் மகன் பேட்டரியில் ஓடுகிற ஃபோர்க்லிப்ட் ஒன்றை வாங்கினான். ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டியைக் கிள்ளானில் ஒரு வியாபாரி சரிசெய்து விற்றார். பிடிக்கவில்லை என்றால் ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று பேச்சு. வாங்கச் சொன்னது யார் என்பதை மகன் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

அந்த வண்டியால் வாழ்க்கை மாறியது எங்கள் ஸ்டோரில் சாக்கு வாய் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு. என்னை ஐயா என்பாள், என் மகனைவிட மூத்தவள். வருடக்கணக்கில் கோணி ஊசியும் சணல் கயிறுமாக உட்கார்ந்திருந்தவள், யாருக்கும் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானுக்குப் பஸ் ஏறிப் போய் ஃபோர்க்லிப்ட் ஓட்டப் படித்துச் சான்றிதழும் வாங்கி வந்தாள். வாங்கி என்ன செய்வது, டீசல் வண்டிக்குத்தான் சொந்த ஓட்டுநர் இருந்தாரே. பேட்டரி வண்டி வந்த அன்று அவள் தன் கோணி ஊசியைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினாள்.

"இனிமே இத யாரும் எடுக்கக்கூடாது. எடுத்தீங்கன்னா எம்மேல வண்டிய ஏத்துற மாதிரி" என்றாள்.

"வண்டிய எங்க மேல ஏத்தாம இருந்தா சரி" என்றேன்.

ஏற்றவில்லை. நன்றாக ஓட்டினாள். பெலட் பலகையின் மேல் அடுக்கிய மூட்டைகளை வண்டியின் இரண்டு இரும்பு விரல்களில் தூக்கி, குழந்தையைத் தொட்டிலில் இடுகிற மாதிரி இறக்குவாள். சத்தமே இருக்காது.

அந்த அமைதி கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரு திங்கட்கிழமை மத்தியானம் வண்டி கத்தத் தொடங்கியது. பீப், பீப், பீப் என்று கொஞ்ச நேரம் கத்தும், தானாக நிற்கும். மூட்டையை அடுக்கிவிட்டுத் திரும்பினால் மறுபடி கத்தும். அவள் முன்னால் இருந்த சின்னத் திரையில் ஒரு முக்கோணமும் அதன் பக்கத்தில் நிறைய எழுத்துகளும் வந்தன. எல்லாம் ஜப்பான் எழுத்து.

"ஜப்பான்காரன் என்னமோ சொல்றான் ஐயா."

"என்னான்னு கேளு."

"கேட்டா மட்டும் புரிஞ்சிருமா."

மகன் ஓடி வந்தான். அவன் பயந்தது நியாயம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஸ்டோர் முழுக்கத் தவிட்டுத் தூசி. பேட்டரி வண்டிகள் தீப்பிடித்து எரிகிற படங்களை அவன் போனில் பார்த்திருக்கிறான். எங்கேயாவது ஒரு பொறி பறந்தால் என் வாழ்நாள் உழைப்பு போய்விடும், அது அவனுக்கும் தெரியும். உடனே கிள்ளான் வியாபாரியைக் கூப்பிட்டான். அவருடைய மெக்கானிக் தங்கையின் கல்யாணத்துக்காகக் கிளந்தானுக்குப் போயிருந்தார், அடுத்த வாரம்தான் வருவாராம். "பயமா இருந்தா ஓட்டாதீங்க, வெள்ளிக்கிழமை எங்க லோரி அந்தப் பக்கம் வருது, வண்டிய ஏத்தி அனுப்பிடுங்க" என்றார் வியாபாரி. மகன் சரி என்றுவிட்டான். டீசல் வண்டிக்காரரையும் கூப்பிட்டு, சனிக்கிழமையிலிருந்து வரமுடியுமா என்று கேட்டு வைத்தான்.

அவள் வண்டியை விட்டு இறங்காமலே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நானு?"

மகன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "கொஞ்ச நாளைக்குத் தையல் பக்கம் பாருங்க கா. வேற வண்டி வந்தா பாப்போம்."

அவள் திரும்பிச் சுவரில் இருந்த ஆணியைப் பார்த்தாள். எனக்குச் சாயங்காலத் தேநீர் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வரைக்கும் வேலை நிற்க முடியாது, அதனால் பார்த்துப் பார்த்து ஓட்டும்படி மகன் அவளிடம் சொன்னான். மறுநாள் காலையில் மெக்கானிக்கிடமிருந்து மகனின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. கல்யாண வேலைக்கு நடுவிலும் பதில் போட்டிருக்கிறாரே என்று மகன் மெச்சிக்கொண்டான். சத்தமாகப் படித்தும் காட்டினான்.

"பாஸ், செக் ஏர் ஃபர்ஸ்ட். அவ்வளவுதான் போட்டிருக்கான்."

"ஏர்னா?"

"காத்துப்பா. மொதல்ல காத்தப் பாக்கணுமாம்."

காற்று என்றதும் நான் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் டயரைத் தட்டினேன். லோரி டயரைத் தட்டிப் பார்த்துக் காற்று சொல்கிறவன் நான். இந்த டயர் டொக்கென்று பாறை மாதிரி சத்தம் கொடுத்தது. காற்று இறுக்கமாகத்தான் இருக்கிறது என்றேன்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "ஐயா, அது முழு ரப்பரு. உள்ள காத்தே கெடையாது."

"காத்து இல்லாத டயருக்கு எதுக்கு காத்துப் பாக்கச் சொல்றான்?"

மகன் யோசித்தான். போனைப் பார்த்தான். அவனுக்கு ஒரு வெளிச்சம் வந்தது. "காத்தடிக்கச் சொல்றான்ப்பா. தூசி. தவிட்டுத் தூசி உள்ள போயிருக்கும், அத ஊதி எடுக்கச் சொல்றான்."

கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. காற்று அமுக்குகிற கம்ப்ரசரை இழுத்து வந்து, குழாயைப் பிடித்து வண்டியின் இண்டு இடுக்கெல்லாம் ஊதினோம். எங்கிருந்துதான் அவ்வளவு தவிடு வந்ததோ. கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் பொரிக்கப்போகிற மீன் மாதிரி ஆகிவிட்டோம். பல்லும் கண்ணும் மட்டும்தான் தெரிந்தன. அவள் வண்டியை எடுத்து உள்ளேயும் வெளியேயும் ஓட்டினாள். சத்தம் இல்லை. மகன் மெக்கானிக்குக் கட்டைவிரல் படம் அனுப்பினான். அவரும் ஒரு கட்டைவிரல் அனுப்பினார். எல்லாருக்கும் சந்தோஷம்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு பீப், பீப், பீப்.

புதன்கிழமையும் அதே கதை. காலையில் ஊதினோம், காலையில் வாயை மூடிக்கொண்டது, மத்தியானம் திறந்தது. ஊதியதால்தான் காலையில் அமைதியாக இருக்கிறது என்று நாங்கள் நம்பினோம். அவள் ஓர் எலுமிச்சம்பழத்தையும் பச்சைமிளகாயையும் நூலில் கோத்து வண்டியின் முன்னால் கட்டினாள். அதற்கும் மத்தியானம்தான் கெடு.

"கண்ணு பட்டிருந்தா இதுக்குள்ள எறங்கியிருக்கும் ஐயா. இது வேற என்னமோ."

அன்று சாயங்காலம் மகன் ஒரு வார்த்தை சொன்னான். அதுதான் என்னை உசுப்பிவிட்டது.

"எல்லாம் இந்த ஏத்தத்தால வந்ததுப்பா. நீங்க கட்டுனது செங்குத்தா இருக்கு. ஏறி எறங்கி, ஏறி எறங்கி, உள்ள ஏதாச்சும் வயரு லூசாயிருக்கும்."

என் ஏற்றத்தைச் சொன்னான். நான் தள்ளுவண்டி தள்ளிக் கணக்குப் பார்த்துக் கட்டிய ஏற்றத்தை. வெள்ளத்தில் ஸ்டோரைக் காப்பாற்றிய தரைக்கு வழி விட்ட ஏற்றத்தை.

"டீசல் வண்டி இத்தன வருஷமா அதுல ஏறலையா?"

"அது கத்தியிருந்தாலும் அது போடற சத்தத்துல யாருக்குப்பா கேக்கும்?"

வியாழக்கிழமை காலையில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். ஏற்றத்தின் மேல் குற்றமில்லை என்று நிரூபிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று முடிவு. மறுநாள் வண்டியை எடுத்துப்போக லோரி வந்துவிடும். அவள் அன்றைக்கு ஒவ்வொரு தடவை மூட்டையோடு ஏறும்போதும் என்னைப் பார்த்துக்கொண்டே போனாள்.

மத்தியானம் செகிஞ்சானிலிருந்து தவிட்டு லோரி வந்தது. அதை ஓட்டி வருகிற சீனர் எனக்குப் பழைய நண்பர். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம், என்னை அவர் தவ்கே, அதாவது முதலாளி, என்பார். அவருடைய ஊரில் சூப்புக்கு விற்கிற கூட்டைக் கட்டும் குருவிகளை வரவழைக்க, கட்டடங்களின் மேல் ஒலிபெருக்கி வைத்து நாள் முழுக்கக் குருவிச் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள். எங்கள் வண்டி கத்துவதைக் கேட்டுவிட்டு அவர் ஸ்டோரின் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"தவ்கே, நீயும் குருவி வளக்க ஆரம்பிச்சிட்டியா? சொல்லவே இல்ல."

"ஒரு குருவிதான். நாளைக்குப் பறந்துரும் போல" என்றேன்.

அவர் லோரியிலிருந்து அவள் ஒரு பெலட்டைத் தூக்கி ஏற்றத்தில் பாதி ஏறியிருந்தாள். அந்த நேரம் பார்த்து மேலே ஸ்டோர் வாயில் இரண்டு மூட்டைகள் சரிந்து விழுந்து ஒன்று வாய் பிளந்துவிட்டது. வழி அடைத்துக்கொண்டது. ஆட்கள் மண்வெட்டியைத் தேடி ஓடினார்கள். அவள் ஏற்றத்தின் நடுவிலேயே பிரேக்கைப் பிடித்து நிற்க வேண்டியதாயிற்று. வண்டி கத்தத் தொடங்கியது.

கத்தியது. வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் சத்தம் நிற்கவில்லை. ஆட்கள் தவிட்டை அள்ளி முடிக்கிற வரைக்கும் அது பாட்டுக்குக் கத்திக்கொண்டே இருந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"அப்படியே எறங்கி வா மா. மேல போகாத."

"மூட்டையோடவா ஐயா?"

"மூட்டையோடதான். சமதரையில வந்து நில்லு."

அவள் பின்னாலேயே இறக்கிக் கொண்டுவந்து சமதரையில் நிறுத்தினாள். வண்டி இன்னும் கொஞ்சம் கத்திவிட்டு நிறுத்திக்கொண்டது. மறுபடி ஏறச் சொன்னேன். ஏற்றத்தில் நிறுத்தச் சொன்னேன். மூச்சுவிடுகிற நேரம் சும்மா இருந்துவிட்டு, பீப். அப்போதுதான் எங்களுக்குப் பிடிபட்டது. அந்த மணி உடனே அடிப்பதில்லை, கொஞ்சம் தாமதித்து அடிக்கிறது, தாமதித்து நிற்கிறது. ஏற்றத்தில் வந்த கோபத்தை அது உள்ளே போய்க் காட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் இத்தனை நாளும் தவிட்டு மூலையிலும் புண்ணாக்கு மூலையிலும் காரணம் தேடிக்கொண்டிருந்தோம்.

"பாத்தீங்களாப்பா, நான் சொன்னேன்ல, ஏத்தம்தான்" என்றான் ஆபீஸிலிருந்து எட்டிப் பார்த்த மகன்.

அவள் மூட்டையை இறக்கிவிட்டு வந்தாள். "ஐயா, வண்டியத் திருப்பிக்கிட்டு நிறுத்திப் பாக்கவா? காலி வண்டின்னா வெரலு கீழ்ப்பக்கம் பாக்கற மாதிரிதான் வச்சு ஏத்தணும்னு கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க. மூட்டையோட போறப்ப மட்டுந்தான் வெரலு மேல பாக்கணும்."

செய் என்றேன். அவள் திருப்பி, இரும்பு விரல்கள் கீழே பார்க்கிற மாதிரி, அதே ஏற்றத்தில் அதே இடத்தில் நிறுத்தினாள். நாங்கள் காத்திருந்தோம். செகிஞ்சான்காரரும் பல் குத்துவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். வண்டி ஊமை மாதிரி நின்றது.

தலை மேலே இருந்தால் கத்துகிறது, கீழே இருந்தால் கத்தவில்லை. ஏற்றம் ஒன்றுதான், வண்டி ஒன்றுதான். லூசான வயர் திசை பார்த்து நடந்துகொள்ளுமா? திருப்பி யோசித்தபோது எனக்கு என் முதல் கொட்டகை நினைவுக்கு வந்தது. தரை சாய்வு என்று சொன்னேன் அல்லவா, தண்ணீர்த் தொட்டியும் சாய்வு. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் இருக்கிற தண்ணீர் எல்லாம் கீழ்ப்பக்கம் போய்விடும். கீழ்ப்பக்கத்து மாடு நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருக்கும். மேல்பக்கத்து மாடு காய்ந்த தொட்டியை நக்கிவிட்டு, ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தும். எத்தனை விடியற்காலை அந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓடியிருக்கிறேன்.

இந்த வண்டிக்குள்ளும் ஒரு தொட்டி இருக்கிறது, அதில் ஏதோ குறைந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஆனால் காற்று ஒரு பக்கமாக ஓடாதே. மெக்கானிக் ஏன் காற்று என்றார்?

"அந்தப் போனக் காட்டு" என்றேன் மகனிடம்.

"எதுக்குப்பா, இங்கிலீஷ்ல இருக்கு."

"காட்டு லா."

காட்டினான். முதல் சொல் எனக்குத் தெரியவில்லை, இரண்டாவதும் தெரியவில்லை, கடைசியும் தெரியவில்லை. நடுவில் ஒரு மூன்றெழுத்துச் சொல். அதை மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ரோட்டு முனையில் இளநீர் விற்கிற மலாய்க்காரரின் பலகையில் அதுதான் முதலில் இருக்கிறது. ஆயர் கெலாப்பா. கரும்புச் சாற்றுக்காரரின் பலகையிலும் அதுதான். மாதா மாதம் வருகிற தண்ணீர் பில்லின் தலையிலும் அதுதான்.

"இது ஆயர் டா" என்றேன்.

மகன் போனை வாங்கிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"செக் இங்கிலீஷு, ஃபர்ஸ்ட் இங்கிலீஷு. நடுவுல மட்டும் எப்படிப்பா மலாய் வரும்?"

"நீ ஒரு வரி பேசுனா அதுல எத்தன பாஷ வருது? அவனும் ஒன்ன மாதிரிதானே. நீ ஏர்னு படிச்ச அதே மூணெழுத்து மலாய்ல ஆயர், தண்ணி. தண்ணியப் பாருன்னு சொல்லியிருக்கான். நாம ரெண்டு நாளா காத்தடிச்சிருக்கோம்."

அவள் தலையிலிருந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. ஆயர் என்ற ஒரு சொல் செகிஞ்சான்காரருக்கு விளங்கிவிட்டது, அவர் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

மகன் மெக்கானிக்கைக் கூப்பிட்டு போனை எல்லாரும் கேட்கிற மாதிரி வைத்தான். அந்தப் பக்கம் கல்யாண வீட்டு மேளம் கேட்டது. மகன் மெதுவாகக் கேட்டான், அவர் மலாயில் கத்தினார்.

"காத்து எதுக்கு பாஸ்? காத்துன்னா நான் மலாய்ல ‘அங்கின்’னு போட்டிருப்பேன்ல. ஆயர், பாஸ். பேட்டரிக்கு ஊத்தற ஆயர். நீங்க கட்டைவிரல் அனுப்புனீங்களே?"

மகன் போனை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியின் இருக்கைப் பக்கம் போனான்.

இருக்கையைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் பெரிய பேட்டரி. அதன் மேல் வரிசையாக மூடிகள். ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு, அதன் மேல் அப்பிக்கிடந்த தவிட்டைத் துடைத்தால் சிவப்பாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே தகடுகளின் தலை வெளியே தெரிகிற அளவுக்குத் தண்ணீர் வற்றியிருந்தது. டீசல் வண்டிக்கு எண்ணெய் ஊற்ற எல்லாருக்கும் தெரியும். இதற்கு மின்சாரம் கொடுத்தால் போதும், ஊற்ற ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டோம். விற்றவரும் சொல்லவில்லை.

நான் உடனே போய் மாட்டுக்குத் தண்ணீர் பிடிக்கிற குழாயை இழுத்து வந்தேன். மகன் குறுக்கே கையை நீட்டினான்.

"ப்பா, பைப்புத் தண்ணி ஊத்தாதீங்க."

"மாடு குடிக்குது, நான் குடிக்கிறேன். இதுக்கு மட்டும் ஆகாதா?"

"ஆகாதுப்பா. பேட்டரிக்குன்னு சுத்தம் பண்ண தண்ணி கடையில விக்குது. பைப்புத் தண்ணிய ஊத்துனா பேட்டரி செத்துப்போயிரும். உள்ள ஆசிட் இருக்கு, மொதல்ல தள்ளி நில்லுங்க."

இந்த ஒன்றில் என் மகன் சொன்னது சரி. எழுதி வைக்கிறேன், அவன் பங்கை நான் மறைக்கிற ஆள் இல்லை. மெக்கானிக்கும் போனில் இன்னொன்று சொன்னார். இப்போது தகடு மூழ்குகிற அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள், விடிய விடிய மின்சாரம் ஏற்றுங்கள், காலையில்தான் மீதியை ஊற்றி நிரப்ப வேண்டும். மின்சாரம் ஏறினால் உள்ளே இருக்கிற தண்ணீர் பொங்கி மட்டம் உயருமாம். அப்போதுதான் எங்கள் காற்றடித்த வெற்றியின் ரகசியமும் தெரிந்தது. இரவெல்லாம் மின்சாரம் ஏற்றிய வண்டிக்குக் காலையில் தண்ணீர் மட்டம் கொஞ்சம் மேலே நிற்கும், அதனால் கத்தாது. மத்தியானத்துக்குள் இறங்கிவிடும், கத்தும். நாங்கள் ஊதியதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஸ்டோர் சுத்தமானது, அது லாபம்.

மகன் காரில் போய் பேட்டரித் தண்ணீரும் ரப்பர் கையுறையும் வாங்கி வந்தான். கண்ணுக்குப் போடுகிற கண்ணாடி கடையில் ஒன்றுதான் இருந்ததாம். அதை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தன் மகளின் நீச்சல் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். ரோஸ் நிறம். செகிஞ்சான்காரர் அதைப் படம் எடுத்துக்கொண்டுதான் லோரியை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே கிள்ளான் லோரி பாலத்தைத் தாண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி, சங்கிலியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கொஞ்சம் பொறுங்கள், ஒரு கறிபாப் சாப்பிடுங்கள் என்று மகன் அவரிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தான். அவள் கடைசி மூடியை அழுத்தினாள், இருக்கையை இறக்கினாள், ஏறி உட்கார்ந்தாள். புண்ணாக்கு மூட்டைகள் நிறைந்த பெலட் ஒன்றைத் தூக்கச் சொன்னேன், இருப்பதிலேயே கனமானதை.

தூக்கினாள். ஏற்றத்தில் ஏறினாள். நடுவில் நிறுத்தினாள்.

சங்கிலிக்காரர் கறிபாப் கடிக்கிற சத்தம்தான் கேட்டது. வழக்கமாகத் தாமதித்துக் கத்துகிற நேரம் வந்தது, போனது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஐயா, ஏதாச்சும் கேக்குதா?"

"இல்லையே மா."

"எனக்கும் கேக்கல."

"போதும் கா, ஏறுங்க" என்றான் மகன்.

"இருங்க தம்பி. இன்னும் கொஞ்ச நேரம் நிக்கிறேன். பொறவு கத்துச்சுன்னு யாரும் சொல்லக்கூடாது."

நின்றாள். சங்கிலிக்காரர் இரண்டாவது கறிபாப்பையும் முடித்தார். அதற்குப் பிறகுதான் அவள் மேலே ஏறி, மூட்டைகளை அடுக்கின் மேல் வைத்து, காலி வண்டியை முறைப்படி விரல் கீழே பார்க்க இறக்கிக் கொண்டுவந்தாள். மகன் டீசல் வண்டிக்காரரைக் கூப்பிட்டு, வர வேண்டாம் என்றான். கிள்ளான் லோரி காலியாகத் திரும்பிப் போனது. கோணி ஊசி இன்னும் அந்த ஆணியில்தான் இருக்கிறது. அந்த எலுமிச்சம்பழத்தையும் காய்ந்த பிறகு அதே ஆணியில் மாட்டிவிட்டாள். கேட்டால், "அதுவும் பாடுபட்டுச்சுல்ல ஐயா" என்கிறாள்.

இனிமேல் வருவதுதான் நான் இதை எழுத உட்கார்ந்த காரணம்.

மெக்கானிக் அடுத்த வாரம் வந்தார், சிரித்துக்கொண்டே வந்தார், போகிற வரைக்கும் சிரித்தார். பேட்டரி மூடியில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார். மகன் அதைவிடப் பெரிய அறிவிப்பு ஒன்றை அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, மின்சாரம் ஏற்றுகிற இடத்தில் சுவரில் மாட்டியிருக்கிறான். வாரா வாரம் தண்ணீர் பார்க்கவும், மின்சாரம் ஏற்றிய பிறகு ஊற்றவும், கையுறை போடவும். நல்ல அறிவிப்பு. ஆனால் பத்தாங் காலியிலிருந்து தீவனம் வாங்க வந்தவர் என்ன நடந்தது என்று கேட்டபோது மகன் சொன்னதை என் காதால் கேட்டேன். "மெக்கானிக்கு போன்லயே கண்டுபிடிச்சிட்டான் அண்ணே, நாங்க தண்ணி ஊத்தினோம், சரியாயிருச்சு." கலும்பாங் ஆட்டுக்காரரிடமும் அதேதான். அவள் மட்டும்தான் யார் கேட்டாலும் "ஐயாவும் நானும்" என்று தொடங்குகிறாள்.

மெக்கானிக் சரியாகத்தான் சொன்னார், அதை யாரும் சரியாகப் படிக்கவில்லை. வண்டியைத் திருப்பச் சொன்னது அவள், பைப்புத் தண்ணீரைத் தடுத்தது மகன். எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறேன். மீதி இரண்டு இருக்கிறது. செங்குத்து என்று பழி சொல்லப்பட்ட அந்த ஏற்றம் இல்லையென்றால், தகடு வெந்து பேட்டரியே சாகிற வரைக்கும் அந்த வண்டி வாயைத் திறந்திருக்காது. அந்த ஏற்றத்தைக் கட்டியவன் நான். அந்த மூன்றெழுத்தைத் தண்ணீர் என்று படித்தவனும் நான்.

ஆகவே என் மகனுக்கு இதன் மூலம் தெரிவிப்பது. சுவரில் இருக்கும் அறிவிப்பில் கீழே இடம் காலியாக இருக்கிறது, நான் விரலால் அளந்து பார்த்துவிட்டேன். அதில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: "ஏற்றத்தைக் கட்டியதும் ஆயரைப் படித்ததும் முதலாளியின் அப்பா." தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று. எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. வண்டியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். அந்த உயரம் எது என்று அவளைக் கேட்டால் சொல்வாள்.